முதலில் சட்டி பானை, பிறகு அடுப்பு

கிரனைட் பலகையை ஒரு தடவை வெட்டினால் வெட்டினதுதான். அதனால்தான் யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் குசினியைத் திருத்தத் தொடங்கியபோது, பலகையை வெட்டி உள்ளே இறக்குகிற ஹொப் போடுவதா, மேலே வைக்கிற கேஸ் குக்கரே போதுமா என்ற கேள்வியில் நான் கொஞ்சம் கூடுதலாகவே மினக்கெட்டேன். மேசன் அண்ணை காலையில் வந்ததும், "என்ன பிள்ளை, வெட்டிறதோ, விடுறதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் சாந்து குழைக்கத் தொடங்குவார்.

ஆளாளுக்கு ஒரு கருத்து. ஸ்காபரோவில் இருக்கும் தங்கச்சி வீடியோவில் தன் குசினியைச் சுற்றிக் காட்டி, "கண்ணாடி மேல்தட்டு உள்ளதாப் போடுங்கோ அக்கா, ஒரு துடைப்போடை சரி" என்றாள். லண்டன் மச்சாள் இண்டக்சனைத் தவிர வேறு எதையும் அடுப்பென்றே மதிப்பதில்லை. இவர் "எது மலிவோ அது" என்ற கட்சி. அம்மா அடுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பின்பத்தியில் இருக்கிற விறகு அடுப்பை இடிக்க விடமாட்டேன் என்று மட்டும் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

ரவுணுக்குள் கஸ்தூரியார் வீதி, ஸ்ரான்லி வீதிக் கடைகளில் ஏறி இறங்கினேன். கடைப் பெடியன்கள் முதலில் காட்டுவது பளபளவென்று இருக்கிற கறுப்புக் கண்ணாடி ஹொப்பைத்தான். எத்தனை பேர்ணர் வேண்டும் என்று கேட்பார்கள், என்ன நிறம் என்று கேட்பார்கள். "என்ன சமைப்பீங்கள், எதிலை சமைப்பீங்கள்" என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அவர்கள் பிழை இல்லை. அந்தக் கேள்விக்கு விடை கடையில் இல்லை, எங்கள் குசினி ராக்கையில் இருக்கிறது. அதனால் வீட்டுக்கு வந்து, அடுப்பை மறந்துவிட்டு, அடுப்பில் ஏறுகிறவற்றை எல்லாம் இறக்கி வைத்துப் பார்த்தேன்.

காலையில் புட்டு அல்லது இடியப்பம். அதற்கு வாய் குறுகின அலுமினியப் பானை, மேலே நீத்துப்பெட்டி, அதாவது புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டி. மத்தியானம் மீன் குழம்பு மண்சட்டியில். அம்மாவுக்கு வேறு சட்டியில் வைத்தால் அது குழம்பே இல்லை. பொரியலுக்கும் தாளிதத்துக்கும் அடி வளைந்த இரும்புத் தாச்சி. இரும்புத் தோசைக்கல். பால் காய்ச்ச, சொதி வைக்க எவர்சில்வர்ச் சட்டிகள். சோறு எப்போதோ ரைஸ் குக்கருக்குப் போய்விட்டது. ஆட்கள் வந்தால் கூழுக்கு ஒரு பெரிய பானை. இவ்வளவுதான் எங்கள் சமையலின் உலகம். இந்தக் கூட்டத்துக்குத்தான் அடுப்புத் தேடுகிறேன்.

பிறகு பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தைக் கழற்றி ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பார்த்தேன். தோசைக்கல்லில் சட்டென்று ஒட்டியது. தாச்சியிலும் ஒட்டியது. அலுமினியப் பானையில் வழுக்கி விழுந்தது. மண்சட்டியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. எவர்சில்வரில் சிலது ஒட்டியது, சிலது ஒட்டவில்லை. நிக்கல் கூடின வகை காந்தத்துக்கு மசியாது. காந்தம் ஒட்டாத பாத்திரம் இண்டக்சனில் வேலைக்கு ஆகாது. அதற்குள் நெருப்பும் இல்லை, பழுக்கிற கம்பியும் இல்லை. கண்ணாடிக்குக் கீழே ஒரு செப்புக் கம்பிச் சுருள்; அதில் செக்கனுக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசை மாறி மாறி மின்சாரம் ஓடும்போது, மேலே இருக்கிற இரும்பு அடியில் மின்சுழல் எழும்பிப் பாத்திரம் தானே சூடாகிறது. மேலே இரும்பு இல்லையென்றால் பீப் பீப் என்று கத்திவிட்டு நின்றுவிடும்.

தாச்சியில் காந்தம் ஒட்டினாலும் பிரயோசனம் இல்லை. அடி வளைவாக இருப்பதால் கண்ணாடியில் ஒரு புள்ளியில்தான் தொடும். தோசைக்கல் தட்டையாகத்தான் இருக்கிறது, ஆனால் மலிவான இண்டக்சன்களில் உள்ளே இருக்கிற சுருள் வெளியே வரைந்திருக்கிற வட்டத்தைவிடச் சின்னது. நடுத்தோசை கருகும்போது ஓரம் வெள்ளையாக இருக்கும். மச்சாளிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சட்டி பானையை மாத்து" என்றாள். அதாவது ஒரு அடுப்புக்காக ஒரு வீட்டுச் சமையலையே மாற்ற வேண்டும். எனக்கு அது தலைகீழான கணக்காகப் பட்டது. மண்சட்டிக்குக் கீழே வைக்க இரும்புத் தட்டு விற்கிறார்கள். அந்தத் தட்டைச் சூடாக்கி, தட்டு சட்டியைச் சூடாக்கி, சட்டி குழம்பைச் சூடாக்குவதற்குள் இண்டக்சனின் வேகமும் சிக்கனமும் எங்கேயோ போய்விடும்.

இன்ஃபிராரெட் அடுப்பு என்று ஒன்று இருக்கிறது. பார்க்க இண்டக்சன் மாதிரியே இருக்கும், விற்கிறவர்களே சில வேளை இரண்டையும் ஒன்றாகச் சொல்லிவிடுவார்கள். அதில் கண்ணாடிக்குக் கீழே கம்பி சிவப்பாகப் பழுக்கும். எந்தப் பாத்திரத்தையும் வைக்கலாம், மண்சட்டியும் ஏறும். ஆனால் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறும். நிற்பாட்டின பிறகும் கனநேரம் கண்ணாடி கொதிக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு எனக்கு அது பிடிக்கவில்லை.

சரி, கண்ணாடியில் நாலு வளையம் போட்ட பெரிய இண்டக்சன் ஹொப்? அதை வயரிங் தம்பி ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். "அக்கா, உங்கடை வீட்டுக்கு எத்தனை அம்பியர் வருது?" எங்களுடையது சாதாரண சிங்கிள் பேஸ், 30 அம்பியர். 230 வோல்ட்டால் பெருக்கினால் 6,900 வாட். அந்த ஹொப்பின் தகட்டில் 7,000 வாட்டுக்கு மேல் போட்டிருந்தது. நாலையும் ஒன்றாகப் போட்டால் வீட்டில் பிரிட்ஜ், கிணத்து மோட்டர், அயன் எல்லாம் பட்டினி கிடக்க வேண்டியதுதான். லண்டனில் ஒரு சாதாரண வீட்டுக்கே 60 முதல் 100 அம்பியர் வரை வருகிறது. மச்சாளின் அடுப்புக்குப் பின்னால் இருக்கிற வயரை நான் யோசிக்கவே இல்லை. அவளும் யோசித்திருக்க மாட்டாள்.

தனியாக வைக்கிற ஒற்றை இண்டக்சன் என்றால் 2,000 வாட், ஒன்பது அம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கு 13 அல்லது 15 அம்பியர் பிளக் பொயின்ற் வேண்டும், பின்னால் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் வேண்டும். பழைய வீடுகளில் குசினிச் சுவரில் இருக்கிற 5 அம்பியர் பொயின்ற்றில் மாற்றி பிளக் குத்தி இண்டக்சன் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளக் இளகி மஞ்சளாகியிருக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

காசுக் கணக்கும் பார்த்தேன், இவருக்காக. 12.5 கிலோ சிலிண்டரில் இருக்கிற கேஸை முழுதாக எரித்தால் வரும் வெப்பம் ஏறக்குறைய 160 யூனிட் கரண்டுக்குச் சமம். ஆனால் கேஸ் நெருப்பில் பாதிக்குக் கிட்ட சட்டியின் பக்கங்களால் மேலே போய்க் குசினியைத்தான் சூடாக்குகிறது. இண்டக்சனில் அந்த வீண் மிகக் குறைவு. இரண்டையும் சமன் செய்து பார்த்தால், ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்சன் கிட்டத்தட்ட நூறு யூனிட்டில் செய்துவிடும். ஆகவே சிலிண்டர் விலையை நூறால் பிரியுங்கள். உங்கள் கரண்ட் பில்லில் கடைசிப் படியின் யூனிட் விலை அதைவிடக் குறைவென்றால் இண்டக்சன் இலாபம், கூடவென்றால் கேஸ் இலாபம். கடைசிப் படியைத்தான் பார்க்க வேண்டும், பில்லின் சராசரியை அல்ல. புதிதாகச் சேர்கிற யூனிட்டுகள் மேல்படியில்தான் போய் ஏறும். எங்கள் வீட்டில் ஓவன் வேறு ஓடுவதால் முழுச் சமையலையும் இண்டக்சனுக்கு மாற்றினால் நட்டம்தான். தனியே இருக்கிற வயோதிபத் தம்பதிக்கு, மாதம் அறுபது எழுபது யூனிட் எரிக்கிற வீட்டுக்கு, இதே கணக்கு மறுபக்கம் சாயும்.

கணக்கைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறு ஒன்று. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நிற்கும் என்று அறிவித்தார்களே, அது இன்னும் மறக்கவில்லை. அதற்கு முன் 2021 ஒக்டோபரில் கேஸுக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டை நீக்கியதும் 1,493 ரூபாயாக இருந்த பெரிய சிலிண்டர் ஒரே பாய்ச்சலில் 2,750 ஆனது. அந்த வருடக் கடைசியில் அடுப்புகள் வெடித்த செய்திகள். புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாறியது பற்றி நாடு முழுக்கப் பேச்சு. அதை ஆராய ஒரு குழுவும் போட்டார்கள். அடுத்த வருடம் சிலிண்டரே இல்லை. வெறும் சிலிண்டர்களைச் சங்கிலி போட்டு ஒன்றோடொன்று கட்டி வரிசையில் வைத்துவிட்டு, சனம் நிழலில் ஒதுங்கி நின்றது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, சரியாக மத்தியானச் சமையல் நேரம், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரண்ட் போனது. எங்கள் ஒழுங்கையில் குரங்கு கிடையாது. பாணந்துறைக் குரங்கை யார் கட்டி வைப்பது?

அன்று பக்கத்து வீட்டு மாமி வந்து, "கூரை முழுக்க சோலார் இருக்கு பிள்ளை, ஆனால் ஒரு பல்ப்பும் பத்தேல்லை" என்று ஆச்சரியப்பட்டார். பற்றரி இல்லாத சோலார் அப்படித்தான். வெளிக் கம்பியில் கரண்ட் நின்றால் அதுவும் தானாக நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பியில் ஏறித் திருத்துகிறவர் உயிருக்கு ஆபத்து. சோலார் இருக்கிறதே என்று கேஸை முழுதாக விட்டுவிட யோசிக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அம்மாவின் விறகு அடுப்புப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கிக் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றபோது நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெய் பொன் விலை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி வைத்து அதிலேதான் படித்தோம். அடுப்புக்கு ஊமல், பன்னாடை, காய்ந்த பனைமட்டை, பொச்சு, சிரட்டை, வளவில் விழுகிற எல்லாமே எரிபொருள். மரத்தூள் அடுப்பும் இருந்தது. தகர வாளிக்கு அடிப்பக்கத்தில் ஓட்டை போட்டு, நடுவில் ஒரு போத்தலை நிறுத்தி, சுற்றிவர மரத்தூளை இறுக்கி அடைத்துவிட்டு, போத்தலை மெதுவாக உருவி எடுப்பார் அம்மா. அந்தக் குழிக்குள் கொளுத்தினால் புகை அதிகமில்லாமல் மணிக்கணக்காக எரியும். பருப்பு அவிய அது போதும். போத்தலை உருவுகிற நேரத்தில் மட்டும் ஒருவரும் பக்கத்தில் நின்று கதைக்கக் கூடாது. 2022 இல் கேஸ் இல்லாமல் அயல் முழுக்கத் திணறியபோது எங்கள் வீட்டில் சமையல் தடைப்படவில்லை. அம்மா அதை இன்றுவரை சொல்லிக் காட்டியதில்லை, ஆனால் அடுப்பை இடிக்க விடமாட்டார்.

ஆகவே கேள்வி "கேஸா, கரண்டா" என்பதே அல்ல என்று முடிவு செய்தேன். இரண்டும் வேண்டும், விறகும் இருக்கட்டும். எதில் எதைச் சமைப்பது என்பதுதான் கணக்கு. மண்சட்டி, தாச்சி, புட்டுப்பானை மூன்றும் நெருப்பைக் கேட்பவை. எனவே முக்கிய அடுப்பு கேஸ். தேத்தண்ணீர், பால், முட்டை அவிக்கிறது, பிள்ளைகளின் நூடில்ஸ் எல்லாம் ஒற்றை இண்டக்சனுக்கு. (இண்டக்சனை இரவில் மூடி வையுங்கள். காற்றாடி ஓட்டையால் பல்லியும் கரப்பானும் உள்ளே போய்ப் போர்ட்டை எரித்துவிடும். வெதுவெதுப்பான இடம் என்றால் அதுகளுக்கு வலு விருப்பம்.)

இனிக் கேஸ் ஹொப்பா, மேலே வைக்கிற குக்கரா.

ஹொப்பின் அழகை நான் மறுக்கவில்லை. பலகையோடு பலகையாகப் படிந்து கிடக்கும், துடைக்க இலகு. ஆனால் கடைகளில் இருக்கிற ஹொப்புகளில் பெரும்பாலானவற்றின் மேல்தட்டு கண்ணாடி. இறுகு கண்ணாடிதான், கெட்டிதான். என்றாலும் சூடாக இருக்கும்போது குளிர் தண்ணீர் பட்டால், அல்லது ஓரத்தில் பாரமான பானையின் விளிம்பு இடித்தால், சிறு சிறு துண்டாகக் கொட்டிவிடும். கூழ்ப்பானையை இரண்டு பேர் பிடித்து இறக்குகிற வீட்டில் அது நடக்காது என்று யார் சொல்வது? இன்னொன்று எங்கள் தண்ணீர். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் அவ்வளவும் கனதி. கேத்திலுக்குள் படிகிற வெள்ளைப் படலம் எல்லோருக்கும் தெரியும். அதே தண்ணீர் பொங்கி வழிந்து கறுப்புக் கண்ணாடியில் காய்ந்தால் வெள்ளை வளையம் வளையமாகக் கோலம் போடும். தங்கச்சி சொன்ன ஒரு துடைப்பு கனடாத் தண்ணீருக்குச் சரி. இங்கே தேசிக்காய்ப் பாதி கொண்டு தேய்க்க வேண்டும்.

கண்ணாடியைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கச் சொல்வேன்: நெருப்பு அணைந்தால் கேஸ் தானாக நிற்குமா? பேர்ணருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். நெருப்பின் சூட்டில் அதற்குள் ஒரு துளி மின்சாரம் பிறந்து, கேஸ் வால்வை ஒரு மின்காந்தம் திறந்து பிடித்திருக்கும். நெருப்பு அணைந்து ஊசி ஆறினால் பிடி விட்டு, வால்வு மூடிக்கொள்ளும். சொதி பொங்கி வழிந்து நெருப்பை அணைப்பது எல்லா ஊரிலும் நடக்கும். எங்களுக்கு அதோடு சோளகம் வேறு. மே மாதம் தொடங்கினால் தென்மேற்குக் காற்று குசினி யன்னலால் அடிக்கிற அடியில் சிம்மில் வைத்த நெருப்பு சத்தமில்லாமல் போய்விடும். கேஸ் காற்றைவிடப் பாரம். மேலே பறந்து போகாது, தரையோடு படியும். ஹொப் போட்டு, கீழே அலுமாரிக்குள் சிலிண்டரை வைத்துக் கதவையும் அடைத்துவிட்டால், கசிகிற கேஸ் அந்தப் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். அலுமாரிக்கு அடிப்பக்கத்தில் காற்றோட்டத் துவாரம் இருக்க வேண்டும். மேல்பக்கத்தில் அழகுக்கு வைத்த துவாரத்தால் ஒரு பயனும் இல்லை. நாங்கள் சிலிண்டரை வெளியே, சுவருக்கு அந்தப் பக்கம், நிழலில் நிறுத்தினோம். ஹோஸ் குழாயின் மேல் அடித்திருக்கிற திகதியைப் பார்த்து மாற்ற வேண்டும். புதுச் சிலிண்டர் பூட்டினால் றெகுலேற்றரைச் சுற்றிச் சவர்க்கார நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற ஆட்களை நான் நேரில் கண்டிருக்கிறேன், கடவுளே.

கடைசியில் வாங்கினது எவர்சில்வர் மேல்தட்டுப் போட்ட, பித்தளைப் பேர்ணர் உள்ள, மூன்று அடுப்பு மேசைக் குக்கர். அணைந்தால் நிற்கிற வால்வு மூன்றிலும் இருக்கிறது. அந்த வால்வு உள்ள மேசைக் குக்கர் கிடைப்பது கொஞ்சம் கஷ்டம், கேட்டு வாங்க வேண்டும். பேர்ணருக்கு மேல் வைக்கிற தாங்கி பாரமான வார்ப்பு இரும்பு; வளைந்த தாச்சி ஆடாமல் நிற்கிறதா என்று பார்க்கத் தாச்சியையே ஒரு பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோனேன். பெடியன் சிரித்தான். சிரிக்கட்டும். மேசன் அண்ணைக்கும் அன்றோடு விடை கிடைத்தது: வெட்ட வேண்டாம்.

ஓவன் கதை வேறு. நான் வீட்டில் இருந்து கேக் செய்து கொடுக்கிறேன். பிறந்தநாள், சாமத்திய வீடு, டிசெம்பரில் றிச் கேக். ஆகவே இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

அம்மாவின் காலத்தில் கேக் சட்டிக்குள் வெந்தது. பெரிய சட்டியில் மணலைப் பரப்பி, தட்டை உள்ளே வைத்து, மேலே தகர மூடியில் தணலை அள்ளிப் போட்டு, கீழேயும் தணல். கையை மூடிக்குக் கிட்டப் பிடித்துச் சூட்டை மட்டுக்கட்டுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்ததால் ஓவனில் நான் முதலில் தேடுவது மேல்சூடும் கீழ்சூடும் தனித்தனியாகப் போட முடிகிறதா என்பதைத்தான்.

கேஸ் அடுப்பும் கேஸ் ஓவனும் ஒன்றாக இருக்கிற நிலக் குக்கர் பார்க்க ஆசையாக இருந்தது. நாலு அடுப்பு மேலே, ஓவன் கீழே, கரண்ட் போனாலும் கேக் நிற்காது. ஆனால் அதில் நெருப்பு அடியில் மட்டும்தான். மேல் நிறம் எடுக்க கிறில்லைத் தனியாகப் போட வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொன்று ஈரம். கேஸ் எரியும்போது தண்ணீர் பிறக்கிறது. ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி. கோழி வாட்டினால் இறைச்சி காயாமல் இருக்க அது நல்லது. பிஸ்கட்டுக்கும் பட்டர் கேக்கின் மேல் தோலுக்கும் கரண்ட் ஓவனின் வறண்ட சூடுதான் எனக்குப் பிடிக்கும். அதோடு குனிந்து குனிந்து தட்டு எடுக்கிற வயதை நான் தாண்டிக்கொண்டிருக்கிறேன்.

சுவர் அலுமாரிக்குள் பதிக்கிற ஓவன்: அறுபது சென்ரிமீற்றர் அகலம், எழுபது லீற்றருக்குக் கிட்டக் கொள்ளளவு, சூடு வெளியே போகாத தடித்த சுவர், நெஞ்சு உயரத்தில் பூட்டலாம். வெப்பம் ஒரே சீராக நிற்கும். கேக் செய்கிற ஆளுக்கு அதுதான் உண்மையில் சிறந்தது. காசைப் பற்றியும் கவலை இல்லையென்றால் அதையே வாங்குங்கள். என்னைத் தடுத்தது திருத்த வேலை. அலுமாரியைக் கழற்றித்தான் வெளியே எடுக்க வேண்டும். பாகம் கொழும்பில் இருந்து வரவேண்டும் என்று சொல்லிவிட்டால், டிசெம்பர் நடுவில் நான் என்ன செய்வது? மேசையில் வைக்கிற ஓவன் என்றால் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு திருத்துகிற அண்ணையிடம் போய்விடலாம்.

மைக்ரோவேவும் ஓவனும் சேர்ந்ததை ஒரு சிநேகிதி வைத்திருக்கிறாள். அவளுக்குத் திருப்தி. எனக்கு ஒத்துவராது, உள்ளே தட்டு சுற்றுவதால் சதுரத் தட்டு வைக்க முடியாது, ஒரு தடவைக்கு ஒரு சின்னக் கேக்தான். எயார் பிரையர் என்பது காற்றாடி வைத்த சின்ன ஓவன், அவ்வளவுதான். இரண்டு பேருக்குக் கட்லட் பொரிக்கச் சரி.

தங்கச்சி ஒரு தடவை, அங்கே மலிவாகக் கிடைக்கிறது, ஒரு மேசை ஓவனைப் பார்சலில் போட்டுவிடவா என்று கேட்டாள். கனடாவில் சுவர்ப் பிளக்கில் வருவது 120 வோல்ட். அந்த ஓவனை எங்கள் 230 இல் குத்தினால் இரட்டைச் சூடு அல்ல, கிட்டத்தட்ட நாலு மடங்கு. வோல்ட் இரண்டு மடங்கானால் வாட் நாலு மடங்காகும். ஒரு நிமிடத்தில் புகை. குறைக்கிற ட்ரான்ஸ்போமர் ஓவனுக்குத் தாங்குகிற அளவில் வாங்கினால் ஓவன் விலையைத் தாண்டும். லண்டனில் இருந்து வருவதென்றால் பிரச்சினை இல்லை. அதே வோல்ட், அதே 13 அம்பியர் பிளக். ஆனால் அங்கிருந்து கேஸ் அடுப்புக் கொண்டுவரக் கூடாது. அவர்களுடைய குழாய்க் கேஸ் வேறு. அதற்கான துவாரத்தில் எங்கள் சிலிண்டர்க் கேஸை விட்டால் மஞ்சள் நெருப்பு எழும்பிச் சட்டி அடி கரியாகும். அந்தத் துவாரம் உள்ள ஜெற்றை மாற்ற வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு எல்லா வீட்டிலும் விளக்கும் ரிவியும் அயனும் ஏறும்போது வோல்ட் இறங்கும். அதே நாலு மடங்குக் கணக்கு இங்கே எதிர்ப்பக்கமாக வேலை செய்யும். 230 இருக்க வேண்டியது 200 ஆனால், ஓவன் தன் பலத்தில் கால்வாசியை இழந்துவிடும். 2,000 வாட் ஓவன் 1,500 வாட் ஓவனாகிவிடுகிறது. இரவில் செய்த கேக் பகலில் செய்ததைவிட ஏன் சுணங்குகிறது என்று யோசிக்கிறவர்கள் மாவைக் குறை சொல்லாமல் முதலில் இதைப் பாருங்கள். றிச் கேக் 150 பாகையில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இருக்க வேண்டும். ரவையும் கஜுவும் பிளம்ஸும் இஞ்சிப் பாகுமாகப் பாரமான கலவை. தட்டைச் சுற்றிப் பழைய பேப்பரும் எண்ணெய்த்தாளும் மடித்துக் கட்டியும், சூடு ஏறி இறங்கினால் ஓரம் கருகி நடு ஈரமாக நிற்கும். நான் அதைக் காலை ஒன்பதுக்கு ஏற்றிவிடுவேன்.

வாங்கினது அறுபது லீற்றர் மேசை ஓவன். மேல், கீழ் கம்பிகள் தனித்தனி ஆளி, காற்றாடி வேண்டுமானால் போடலாம். காற்றாடி போட்டால் புத்தகத்தில் சொன்ன சூட்டில் இருபது பாகை குறைத்து வைக்க வேண்டும். வயரிங் தம்பி மெயின் போர்ட்டில் இருந்து இதற்கென்றே தனி வயர் இழுத்துத் தந்தார். பதிக்கிற ஓவனைவிட சுவர் மெலிது. பக்கத்தில் கை வைக்க முடியாத சூடு. சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறேன், மேலே ஒன்றும் வைப்பதில்லை.

ஓவன் வாங்குகிறவர்கள் கூடவே உள்ளே தொங்கவிடுகிற ஒரு சின்னத் தெர்மோமீற்றரும் வாங்குங்கள். ஓவனின் குமிழில் எழுதியிருக்கிற எண் வெறும் உத்தேசம்தான். என்னுடையதில் 170 இல் திருப்பினால் உள்ளே 185 காட்டுகிறது. பட்டர் கேக்குக்கு இப்போது 155 இல் வைக்கிறேன், இரண்டாம் தட்டில், காற்றாடி இல்லாமல். மேல் நிறம் குறைவாக இருந்தால் கடைசிப் பத்து நிமிடம் மேல் கம்பியை மட்டும் போடுகிறேன்.